ஒப்பீட்டுத் தெரு

மாசி 19, செவ்வாய்

சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டுப் பேசினால் போதும் என்று ரிஸ்வானா சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அமுக்கிவிட்டேன். லைட் எரிகிறது. பேசுகிறேன்.

என் பெயர் குருவையா. வயது எழுபத்தெட்டு. ஊர் செவல்பொட்டல், ஓடைத் தெரு. நாற்பது வருஷம் மாட்டுத் தரகு பார்த்தவன். பள்ளிக்கூடத்துக்குள் ஓட்டுப் போட மட்டும்தான் போயிருக்கிறேன். ஆகையால் இந்த நாட்குறிப்பை நான் பேசுவேன், ரிஸ்வானா கேட்டு எழுதுவாள். என் பேச்சை அச்சுப் புத்தகத் தமிழாக மாற்றிவிடுவாளாம். மற்றவர்கள் பேசியதைப் பேசியபடியே விடுவாளாம்.

“ஏன் தாயி, என் பேச்சுக்கு மட்டும் சட்ட போட்டு விடுற?” என்றேன்.

“சட்ட போடாத பேச்ச எங்க சார் உள்ளயே விட மாட்டாரு தாத்தா” என்றாள்.

அவள் மதுரையில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. படிக்கிறாள். அரசாங்கம் ஒரு திட்டம் போட்டால் அதனால் சனங்களுக்குப் பயன் உண்டா இல்லையா என்று அளந்து பார்க்கும் படிப்பு. இரண்டு வருஷமாம். “திட்டம் போடுறவுகளுக்கு எத்தன வருசம் படிப்பு?” என்று கேட்டேன். சிரித்தாள்.

எங்கள் ஊரில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிணற்றுத் தெரு. போன ஆடியில் அங்கே வீட்டுக்கு வீடு குழாய் போட்டார்கள். இந்தப் பக்கம் எங்கள் தெரு. எங்களுக்கு இரண்டாம் கட்டம். குழாய் வந்த தெருவையும் வராத தெருவையும் பக்கத்தில் வைத்து அளக்கச் சொல்லி அவர்கள் சாரை மாவட்டத்தில் கேட்டிருக்கிறார்களாம். சார் பிள்ளைகளை அனுப்பிவிட்டார். எழுதத் தெரியாத வீட்டுக்கு ஒரு பேச்சுப் பெட்டி. முப்பது நாள், தினமும் மூன்று கேள்வி. எத்தனை குடம் தண்ணீர், எங்கிருந்து வந்தது, எவ்வளவு நேரம் ஆனது. நான் பேசுவதை முப்பது நாளும் முடிந்த பிறகுதான் கேட்பாளாம். நடுவில் கேட்டால் அவள் முகம் மாறும், அதைப் பார்த்து என் பேச்சு மாறும் என்று சார் சொன்னாராம். விவரமான மனுஷன்.

அதற்கு முன்னால் ஒரு பெரிய காகிதத்தை வைத்துக்கொண்டு அறுபத்தொரு கேள்வி கேட்டாள். வெயில் நேரம். மருமகள் செண்பகம் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிள்ளை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “நல்ல ருசி தாத்தா” என்றாள். வாயைத் துடைத்துக்கொண்டே பதினேழாவது கேள்வி: “குடிதண்ணிக்கு எதுவும் கஷ்டம் இருக்கா?”

“ஒரு குறையும் இல்ல தாயி” என்றேன். எழுதிக்கொண்டாள்.

இன்றைக்கு ஐந்து குடம். எங்கிருந்து என்றால், வழக்கம்போல. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை.

மாசி 20, புதன்

ஐந்து குடம். குறையில்லை. ஆட்டுக்கு வேப்பங்குழை ஒடித்துப் போட்டேன். முட்டி வலி.

மாசி 22, வெள்ளி

தண்ணீர் லாரி வந்து எட்டு நாள் ஆகிறது. ஐந்து குடம்.

எனக்கு எழுத்துதான் வராது; காதில் ஒரு தடவை விழுந்தது கரையாது. எந்தச் சந்தையில் எந்த மாட்டுக்கு எத்தனை பல், எங்கே சுழி என்று இன்றைக்கும் சொல்வேன். ரிஸ்வானாவின் அறுபத்தொரு கேள்வியும் அப்படித்தான் உட்கார்ந்துவிட்டன. நேற்று குழை ஒடிக்கும்போது ஆடுகளுக்கு வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் பிடிபட்டது: பதினேழாவது கேள்வியும் நாற்பத்திரண்டாவது கேள்வியும் ஒன்றுதான், வேறு சேலை கட்டி வருகிறது. பொய் சொல்கிறவன் இரண்டாம் தடவை மாட்டிக்கொள்வான் என்று வைத்த கண்ணி. தாயி, துண்டுக்குள் விரல் பிடித்துப் பேரம் பேசியவன் நான். எனக்கா? இரண்டுக்கும் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறேன்.

தெருவில் மற்ற வீடுகளுக்கு இன்றுதான் கேட்க வந்தாள். அவள் வருவதற்கு முன்னால் ஆளாளுக்கு என்னிடம் வந்து, “என்ன கேக்கும் அந்தப் பிள்ள?” என்று பயந்தார்கள். அறுபத்தொன்றையும் சொல்லி, நான் சொன்ன பதிலையும் சொல்லி அனுப்பினேன். ஒத்தாசைதானே.

எங்கள் தெருவுக்கு அவர்கள் படிப்பில் ஒரு பெயர் இருக்கிறது. ஒப்பீட்டுத் தெரு. இரண்டு தெருவும் இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்க வேண்டுமாம். அதே சனம், அதே வேலை, அதே மாதிரி வீடு. ஒன்றில் குழாய் உண்டு, ஒன்றில் இல்லை. வேறு எதிலும் வித்தியாசம் இருக்கக் கூடாது. “ஒரே பசு போட்ட ரெண்டு கன்னுல ஒண்ணுக்குப் பருத்திக்கொட்ட வச்சு, ஒண்ணுக்கு வைக்காமப் பாக்குற மாதிரியா?” என்றேன். “அதேதான் தாத்தா!” என்று துள்ளினாள். அந்த இரண்டாம் கன்றை யாராவது கேட்டார்களா என்று நான் கேட்கவில்லை. படிக்கிற பிள்ளை.

இரண்டு தெருவும் ஒரே சனம் என்பது வாஸ்தவம். கொண்டான் கொடுத்தான் எல்லாம் ரோட்டைத் தாண்டித்தான். என் மகள் பேச்சியம்மாளை அங்கேதான் சன்னாசி மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். சன்னாசியோடு எனக்குப் பேச்சு இல்லை. பத்தொன்பது வருஷம். டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் “தரகன் வாயில வர்ற எண்ண நம்பாதீகப்பா” என்றார். அன்றைக்கு ரோட்டைத் தாண்டி வந்தவன், திரும்பப் போகவில்லை.

மாசி 25, திங்கள்

கட்டிலுக்குக் கயிறு மாற்றிக் கட்டினேன்.

சாயங்காலம் வாசலில் நின்று மினி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, “எவம்மா இது டியூப்ப நடுரோட்ல போட்டது? எடுங்கம்மா, இல்ல ஏத்திருவேன்!” என்று கத்தினார். தினமும் கத்துவார், தினமும் ஏற்றிவிட்டுத்தான் போவார். அந்தப் பக்கத்திலிருந்து பேச்சியின் குரல்: “யப்பா, டியூப்பு மேல நிக்காதீக! தண்ணி அடைக்கிதுன்னு மதினி சத்தம் போடுறா!”

நகர்ந்து நின்றேன். என்ன டியூப், யார் வீட்டு டியூப் என்று நான் கேட்கவில்லை. வீட்டுப் பொம்பளைகள் ஆயிரம் ஏற்பாடு செய்வார்கள். ஆம்பளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

ஐந்து குடம். வழக்கம்போல.

மாசி 28, வியாழன்

ரிஸ்வானா வந்தாள். முகம் வாடியிருந்தது. பசியோ என்று செண்பகம் இட்லி வைத்தாள், தொடவில்லை. சொம்புத் தண்ணீரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அந்த அறுபத்தொரு கேள்விய மட்டும் வச்சுக் கணக்குப் போட்டுப் பாத்தோம் தாத்தா. ரெண்டு தெருவுக்கும் வித்தியாசமே வரல. பிள்ளைங்களுக்கு வயித்துப்போக்கு அங்க எவ்வளவோ இங்கயும் அவ்வளவுதான். பொம்பளைங்க தண்ணிக்கு அலையிற நேரமும் அப்படித்தான். குழாய் போட்டும் ஒரு பயனும் இல்லன்னு வருது.”

“அதெப்படி?”

“அதான் எனக்கும் புரியல. சார், எண்ணு என்ன சொல்லுதோ அதத்தான் எழுதணும்னு சொல்றாரு.”

“எழுதுனா?”

“பயன் இல்லாத திட்டத்த நீட்ட வேணாம்னு சொல்லிருவாங்க. ரெண்டாம் கட்டம் நின்னுரும் தாத்தா.”

ரெண்டாம் கட்டம் என்றால் நாங்கள்.

பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “தாத்தா, ஒரே ஒரு தடவ கேக்குறேன். உங்களுக்குத் தண்ணிக் குறை எதுவுமே இல்லயா?”

சொம்பு அவள் கையில் இருந்தது. இன்னும் குடிக்கவில்லை.

“இல்ல தாயி. குடி” என்றேன்.

மாசி 29, வெள்ளி

ஐந்து குடம். பேச ஒன்றும் இல்லை.

மாசி 30, சனி

செண்பகம் ஆட்டுக்குக் கழனித் தண்ணீர் வைத்துக்கொண்டே கேட்டாள். பார்வை சட்டியில்தான் இருந்தது.

“மாமா, அந்தப் பிள்ளகிட்ட குறையில்லன்னா சொன்னீக?”

“வீட்டுக்கு வந்த பிள்ள. கையில சொம்பக் குடுத்துட்டு எங்ககிட்டத் தண்ணி இல்லன்னு சொன்னா, குடிச்ச தண்ணி அதுக்கு இறங்குமா?”

“அது விருந்துக்கு வந்த பிள்ள இல்ல மாமா. குறையக் கேக்கவே சம்பளமில்லாம வெயில்ல வந்த பிள்ள. அதுகிட்டயும் பெருமையா?”

“தெருவுல வேற யாருமே சொல்லிருக்க மாட்டாகளா?”

“நீங்கதான் ஊருக்கெல்லாம் பாடம் சொல்லிக்குடுத்தீகளே. குருவையா மாமா சொன்ன பதிலையே ஒப்பிச்சிருப்பாக.”

சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மருமகள்கள் கெட்டிக்காரிகளாக இருப்பது நல்லதில்லை.

பங்குனி 1, ஞாயிறு

தெருவில் இருபத்தாறு வீடு. முட்டி வலியோடு எல்லா வீட்டுக்கும் போய் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். இருபத்தாறிலும் ஒரே பதில்: ஒரு குறையும் இல்லை. இரண்டு வீட்டில், நான் சொன்ன அதே இழுவையோடு சொல்லிக் காட்டினார்கள்.

மத்தியானம் பேச்சி வந்தாள். பலகாரம் கொண்டுவந்திருந்தாள். அந்தத் தெருவில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

“குழாய்த் தண்ணி முழுக்க எங்க வீட்டுக்கே சரியாப் போயிருதுன்னு சொன்னோம்.”

“ஏன், ரோட்டுக்கு இந்தப் பக்கம் போகுதுன்னு சொன்னா என்ன?”

“குடுத்த தண்ணியச் சொல்லிக்காட்டுவாகளாப்பா? எங்க மாமனார் கேட்டா என்னய நிக்கவச்சு உரிச்சிருவாரு. அந்தத் தெருவுல ஒரு வீட்ல சொல்லல. எப்படிச் சொல்லுவாக?”

இப்போது தெரிகிறது. வாங்கின தெரு குறையைச் சொல்லவில்லை. கொடுத்த தெரு கொடுத்ததைச் சொல்லவில்லை. இரண்டு தெருவும் மரியாதையாக நடந்துகொண்டோம். அதனால்தான் நடுவில் நின்ற பிள்ளையின் எண் நொண்டுகிறது.

எத்தனை குடம் என்று இன்று எண்ணவில்லை.

பங்குனி 2, திங்கள்

தாயி, இதை எழுதும்போது சிரிக்காதே.

போன ஆடியில் அங்கே குழாய் வந்த மூன்றாம் நாளிலிருந்து, தினமும் சாயங்காலம் முக்கால் மணி நேரம் பேச்சி வீட்டுக் குழாயிலிருந்து டியூப் ரோட்டைத் தாண்டி எங்கள் தொட்டிக்கு வருகிறது. இந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் அப்படி ஒரு டியூப் உண்டு. மகள் வீடோ அக்காள் வீடோ கொழுந்தியாள் வீடோ. லாரி வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. அந்தத் தண்ணீரைத்தான் நீ நல்ல ருசி என்றாய். எங்கள் அடிபம்பில் வருவது உப்பு. அதை ஆடுகூட மூஞ்சியைச் சுளித்துக்கொண்டுதான் குடிக்கும்.

அது யார் வீட்டுத் தண்ணீர் என்று எனக்குத் தெரியாத மாதிரியே வீட்டில் எல்லோரும் நடந்துகொள்கிறார்கள். சாயங்காலம் ஆனதும் என்னைக் கோயில் பக்கம் போய் வரச் சொல்வார்கள். நானும் போவேன். போகாத நாளில் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்தை வைத்தே எத்தனை குடம் என்று எனக்குச் சொல்லத் தெரியும். ஏழு. ஐந்து என்று உனக்குச் சொன்னேன். சன்னாசி வீட்டில் ஏழு குடம் வாங்கிக் குடிக்கிறேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை, அதனால் இரண்டைக் குறைத்தேன். இரண்டைக் குறைத்தால் மானம் மிஞ்சும் என்று எந்தச் சந்தையில் படித்தேனோ.

நீ முப்பது நாளும் முடிந்த பிறகுதான் இதைக் கேட்பாய். அதற்குள் உங்கள் சார் எழுதி அனுப்பிவிடுவார். ஆகையால் செண்பகத்தை விட்டு உனக்குப் போன் போடச் சொல்லியிருக்கிறேன்.

பங்குனி 4, புதன்

முதல் பஸ்ஸிலேயே ரிஸ்வானா வந்துவிட்டாள். எல்லாவற்றையும் நேரில் சொன்னேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். தலையில் கையை வைத்துக்கொண்டு, “கசிவு! இதுக்குப் பேரே இருக்கு தாத்தா. ஒரு தெருவுக்கு வச்ச மருந்து இன்னொரு தெருவுக்குக் கசியிறது. பரீட்சைக்கு நாலு பக்கம் எழுதினேன். கண்ணு முன்னாடி டியூப் கிடந்திருக்கு, தாண்டித் தாண்டிப் போயிருக்கேன்!” என்றாள்.

ரோட்டைத் தாண்டிப் போய்க் கேட்டுவிட்டு வந்து சொன்னாள்: “நீங்க வாங்குறோம்னு சொல்றது மட்டும் போதாது. குடுக்கிறவங்களும் குடுக்கிறோம்னு சொல்லணும். ரெண்டு பக்கமும் ஒத்து வந்தாத்தான் சார் ஏத்துக்குவாரு. பேச்சி அக்கா வீட்ல அவங்க மாமனார் சொல்லட்டும்னு சொல்லிட்டாங்க. அவரு வாயே தெறக்க மாட்டேங்குறாரு.”

“நான் வந்தா தெறப்பாரு” என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ரோடு இருபதடி அகலம்கூட இல்லை. தாண்டினேன். சன்னாசி வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. என்னைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை. ஆனால் பக்கத்தில் கிடந்த நாற்காலியைக் காலால் இந்தப் பக்கம் தள்ளிவிட்டார். உட்கார்ந்தேன். இரண்டு பேரும் ரிஸ்வானாவைப் பார்த்தே பேசினோம்.

“தாயி, எதுக்கு வந்திருக்காருன்னு தரகரக் கேளு.”

“எங்க வீட்டுக்குத் தண்ணி குடுக்காரு, அதச் சொல்லச் சொல்லு தாயி.”

“என்னத்தக் குடுத்தேன்? அதையெல்லாம் ஒரு பேச்சுன்னு...” கீரையில் இருந்த பார்வை நிமிரவில்லை. “டியூப் போட்டதுக்கு இணைப்பப் புடுங்கிருவானுகளா?”

“உங்க பேரு வராது தாத்தா. வீட்டு நம்பர்கூட எங்ககிட்டதான் இருக்கும்” என்றாள் ரிஸ்வானா. “ஒரு நாளைக்கு எத்தன குடம் போகும்?”

“ரெண்டு இருக்கும்.”

“ரெண்டா?” நான் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டேன். “எட்டு தாயி. எட்டு எழுது!”

“தரகன் கூட்டித்தான் சொல்லுவான். மூணு.”

“எட்டுக்குக் கீழ ஒரு சொட்டு இறங்க மாட்டேன்.”

“சரி, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம், நாலு. அதுவும் சின்னக் குடம்.”

“சின்னக் குடமா? உம்ம வீட்டுத் தண்ணிய நீரே இப்படிக் கேவலமாப் பேசலாமா சம்பந்தி?”

பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததை நான் கவனிக்கவில்லை. சன்னாசி கவனித்துவிட்டார். கீரைக் காம்பைக் கீழே போட்டார்.

நாற்பது வருஷச் சந்தையில், கொடுத்தவன் குறைத்துச் சொல்லி, வாங்கினவன் கூட்டிக் கேட்ட பேரத்தை நான் பார்த்ததில்லை. ரிஸ்வானா பேனாவைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் பேச்சி உள்ளேயிருந்து வந்து, “ஏழு குடம். தினமும் பிடிச்சு விடுறவ நான்தானே? ரெண்டு பேரும் பொய்யி” என்று சொல்லிவிட்டு அடுப்புக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு சன்னாசியே எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ரிஸ்வானாவை வீடு வீடாகக் கூட்டிப் போனார். “நானே சொல்லிட்டேன், நீங்களும் வெக்கத்த விட்டுச் சொல்லுங்கப்பா” என்று ஒவ்வொரு வாசலிலும் அவர் சத்தம் கேட்டது. நான் எங்கள் தெருவில் அதே வேலையைச் செய்தேன். இருபத்தாறு வீட்டிலும் சொல்லிக் கொடுத்த பதிலை மறக்கச் சொல்வது, சொல்லிக் கொடுப்பதைவிடக் கஷ்டம்.

பங்குனி 8, ஞாயிறு

ஏழு குடம். செண்பகம் என்னைக் கோயிலுக்குப் போகச் சொல்லவில்லை. டியூப்பின் நுனியை என் கையில் கொடுத்து, தொட்டி நிறைந்ததும் கூப்பிடச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பங்குனி 13, வெள்ளி

ரிஸ்வானா வந்தாள். சன்னாசியும் வந்து என் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். டியூப்பில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்க வந்தாராம். டியூப்பை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பயன் இல்லை என்ற வரியை சார் அடித்துவிட்டாராம். குழாய்த் தண்ணீரில் பாதி ரோட்டைத் தாண்டுகிறது, ஒரு தெருவுக்குப் போட்ட குழாயை வைத்து இரண்டு தெரு குடிக்கிறது, பயன் இருப்பதால்தான் வித்தியாசம் தெரியவில்லை, இரண்டாம் கட்டத்தை நிறுத்துவதற்கு இந்த எண்ணைக் காரணம் காட்ட முடியாது என்று எழுதி அனுப்பியிருக்கிறாராம். எங்கள் தெரு பட்டியலில் இருக்கிறது. குழி எப்போது தோண்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்லாமல் தெரியாது என்று சொன்னாள் பார், அதற்காகவே அவளைப் பாஸ் போடலாம்.

“பாஸ் போட்டாகளா?” என்றேன்.

“எங்க தாத்தா! ஒப்பீடு கெட்டுப்போச்சு, வேற ஊர்ல மறுபடி செய்யின்னு சொல்லிட்டாரு.” நோட்டை விரித்தாள். “உங்க ரெண்டு பேருக்கும் சுத்துப்பட்டு ஊரெல்லாம் தெரியும்ல? எனக்கு ஒரு ஊர் சொல்லுங்க. ரெண்டு தெரு. ஒண்ணுல தண்ணி இருக்கணும், ஒண்ணுல இருக்கக் கூடாது. இருக்கிறவங்க இல்லாதவங்களுக்கு ஒரு சொட்டுக்கூடக் குடுக்கக் கூடாது. அப்பத்தான் சுத்தமா அளக்க முடியும்.”

நானும் சன்னாசியும் யோசித்தோம். மாட்டை ஓட்டிக்கொண்டு போன வழி முழுக்க மனசால் நடந்தேன்.

“கத்தாளம்பொட்டல்?” என்றேன்.

“வெட்டிக்கிருவானுக. ஆனா தண்ணியக் குடுத்துட்டுத்தான் வெட்டிக்கிருவானுக” என்றார் சன்னாசி.

“நரியூத்து?”

“ஆம்பளைக குடுக்க மாட்டானுக. பொம்பளைக கொல்லப்பக்கமாக் குடுத்துருவாக. கணக்குக் கெட்டுப்போகும்.”

இன்னும் ஏழெட்டு ஊர் சொன்னேன். ஒவ்வொன்றிலும் யாராவது ஒருத்தி யாருக்கோ மகளாக இருந்தாள். ரிஸ்வானா எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தாள்.

பிறகு ஒரு ஊர் என் ஞாபகத்தில் வந்து நின்றது. சித்திரை வெயிலில் நாங்கள் இரண்டு பேரும் வாலிபத்தில் நாலு மாட்டோடு போய் நின்ற ஊர். மாட்டுக்குத் தொட்டியைக் காட்டினார்கள். எங்களை, எந்தத் தெரு, என்ன ஆளுக என்று விசாரித்தார்கள். விசாரித்த பிறகு, தண்ணீர் ஊற்றக் கிணற்றங்கரையிலிருந்து ஒருவரும் எங்கள் பக்கம் வரவில்லை. நாங்கள் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த ஊரின் பெயர் எனக்குத் தெரியும். சன்னாசியைப் பார்த்தேன். அவருக்கும் அதே ஊர்தான் வந்திருந்தது.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இருக்கு தாயி ஒரு ஊரு” என்றார். “பேரு சொல்றேன், எழுதிக்கோ. ஆனா போறப்ப, உன் தண்ணிய நீயே கொண்டுக்கிட்டுப் போயிரு.”